மனுவை ஏஐ திருத்தலாம், உங்கள் சொல்லை மாற்ற விடாதீர்கள்

போடிநாயக்கனூரில் இருந்து குரங்கணி போய், அங்கிருந்து டாப் ஸ்டேஷனுக்கு மலைப்பாதையில் ஏறினால் நடுவில் ஓர் ஊர் வரும். பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். அங்கே ரயிலும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு தேயிலையை மலையில் இருந்து கீழே இறக்க ஒரு ரோப்வே ஓடியது. அதன் மேல் முனை டாப் ஸ்டேஷன். நடுவில் இருந்தது சென்ட்ரல் ஸ்டேஷன். ரோப்வே போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இப்போது ஒரு கற்பனை. அந்த ஊர்க்காரர் ஒருவர் செல்போனில், "சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு தண்ணி சரியா வரல" என்று எழுதி, ஏஐ செயலியிடம் "இதை நல்ல தமிழ்ல மனுவா மாத்திக் கொடு" என்கிறார். "சென்ட்ரல் ரயில் நிலையத்தில் பயணிகளுக்குப் போதிய குடிநீர் வசதி இல்லை" என்று பதில் வந்தால்? எழுத்துப்பிழை இல்லை, வாக்கியம் அழகாக இருக்கிறது. ஆனால் அந்த மனுவைப் படிக்கும் அதிகாரி அதை ரயில்வேக்கு அனுப்பச் சொல்வார். ஊருக்குத் தண்ணீர் வராது.

செயற்கை நுண்ணறிவு என்கிற ஏஐ இப்போது நம் எல்லார் கையிலும் இருக்கிறது. ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற செயலிகள் தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் சொல்கின்றன. மனு, விண்ணப்பம், புகார் எழுத இது நல்ல உதவிதான். பிழை திருத்தும், நீளமான வாக்கியத்தை உடைத்துக் கொடுக்கும், குழப்பமாக இருப்பதை வரிசைப்படுத்தும். ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு மாதிரி மனு

ஏலமலைச் சரிவில் தோட்ட வேலை பார்க்கும் ஓர் அம்மா எழுதியது போல, பாடத்துக்காக நாம் ஒரு மனுவை எழுதியிருக்கிறோம். ஊர்ப் பெயரை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம்.

"ஐயா வணக்கம் நாங்க மலை மேல ஏலத்தோட்டத்துல வேலை பாக்குறோம் எங்க ஊர்ல ஏழு வீடு. ஸ்டோர்ல இருந்து ஓடை வரைக்கும் ஜீப்பு ரோடு போன ஐப்பசி மழையில அரிச்சுட்டுப் போச்சு அதுல இருந்து ஜீப்பு ஸ்டோரோட நின்னுருது ரேஷன் அரிசி தலைச்சுமையாத்தான் வருது. போன மாசம் எம் மருமகளுக்கு வலி வந்து வெள்ளன நாலு மணிக்கு இருட்டுக்குள்ள டோலி கட்டித்தான் ஓடையத் தாண்டுனோம் பேட்டரி லைட்ட நான்தான் பிடிச்சேன். ஏற்கனவே ரெண்டு தடவ மனு குடுத்தாச்சு. ஓடையில ஒரு சின்னப் பாலம் போட்டாப் போதும் ரோட்ட அப்புறம் பாத்துக்கலாம்."

புள்ளி, கமா சரியாக இல்லை. ஒரே மூச்சில் சொன்னது போல இருக்கிறது. ஆனால் ஓர் அதிகாரிக்குத் தெரிய வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. எத்தனை வீடு, எங்கிருந்து எதுவரை சேதம், எப்போது நடந்தது, யாருக்கு என்ன ஆனது, இதற்கு முன் என்ன செய்தார்கள், முதலில் என்ன வேண்டும். ஒன்றும் விடுபடவில்லை.

இதையே ஏஐ-யிடம் போட்டு, "நல்லா எழுதிக் கொடு" என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் இந்த மாதிரிதான் ஒன்று வரும்:

"மதிப்பிற்குரிய ஐயா, மலைப்பகுதியில் வசிக்கும் ஏழை எளிய தொழிலாளர்களாகிய நாங்கள் தங்களது மேலான கவனத்திற்குக் கொண்டு வருவது யாதெனில், எங்கள் பகுதியில் கடை அருகே செல்லும் நெடுஞ்சாலை கடந்த அக்டோபர் மாதம் பெய்த கனமழையால் கடுமையாகச் சேதமடைந்துள்ளது. இதனால் பொதுமக்கள் அத்தியாவசியப் பொருட்களைப் பெறுவதிலும் மருத்துவ வசதிகளை அணுகுவதிலும் சொல்லொணாத் துயரத்தை அனுபவித்து வருகின்றனர். எனவே, சாலையை உடனடியாகச் சீரமைத்து, பாலம் உள்ளிட்ட அடிப்படை வசதிகளை ஏற்படுத்தித் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

பார்த்ததும் "ஆஹா, எவ்வளவு நல்லா இருக்கு" என்று தோன்றும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்க.

ஸ்டோர், கடை ஆகிவிட்டது. போடிப் பக்கம் ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயைக் காய வைக்கும் கட்டடம் என்று எல்லாருக்கும் தெரியும். ஏஐ-க்கு ஸ்டோர் என்றால் கடை. இந்த மனுவை வைத்துக்கொண்டு மலையில் கடையைத் தேடுகிறவருக்கு இடம் கிடைக்காது.

ஜீப்பு ரோடு, நெடுஞ்சாலை ஆகிவிட்டது. போடியில் இருந்து போடிமெட்டு வழியாக மூணாறு போகும் கொச்சி–தனுஷ்கோடி சாலை தேசிய நெடுஞ்சாலை 85. அது வேறு, தோட்டத்துக்குள் போகும் ஜீப்பு ரோடு வேறு. பார்த்துக்கொள்ளும் துறையும் வேறு. "நெடுஞ்சாலை" என்ற ஒரு சொல்லால் மனு வேறு துறைக்குப் போய், "இது எங்கள் சாலை அல்ல" என்ற பதிலோடு முடிந்துவிடலாம்.

ஐப்பசி, அக்டோபர் ஆகிவிட்டது. ஐப்பசி அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடியும். மழை நவம்பர் முதல் வாரத்தில் பெய்திருந்தால் மனுவில் இருக்கும் மாதமே தப்பு.

ஏழு வீடு காணோம். டோலி காணோம். விடியற்காலை நாலு மணி காணோம். முன்பு கொடுத்த ரெண்டு மனுவும் காணோம். மருமகளுக்கு வந்த வலி "மருத்துவ வசதிகளை அணுகுவதில் சொல்லொணாத் துயரம்" ஆகிவிட்டது. இந்த வரியை எந்த ஊர்க்காரரும், எந்தக் குறைக்கும் எழுதலாம். அதனால்தான் அது யார் கண்ணிலும் நிற்காது.

கடைசியாக, கேட்டதே மாறிவிட்டது. அந்த அம்மா முதலில் கேட்டது ஒரு சின்னப் பாலம். ரோடு அப்புறம் வந்தாலும் சரி என்கிறார். ஏஐ எழுதியதில் ரோடு முதலில் வருகிறது, பாலம் "உள்ளிட்ட" என்பதற்குள் ஒளிந்துகொள்கிறது. சின்ன வேலை, சீக்கிரம் முடியக்கூடியது. அது பெரிய வேலைக்குள் மாட்டிக்கொள்ளும்.

ஏன் இப்படி ஆகிறது?

ஏஐ என்பது கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் அதிகம் வரும் என்று பழகிய ஒரு கணினி நிரல். பலர் எழுதும் பாணி அதற்கு நன்றாக வரும். செய்தித்தாள் தமிழும் அறிக்கைத் தமிழும் இணையத்தில் நிறைய கிடைக்கின்றன. ஏலத்தோட்டத்து ஆட்கள் பேசும் தமிழ் எத்தனை பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்? அதனால் தெரியாத சொல் வந்தால், தனக்குத் தெரிந்த பக்கத்துச் சொல்லை எடுத்து வைத்துவிடுகிறது. வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் "எனக்கு இது புரியவில்லை" என்று தானாகப் பெரும்பாலும் சொல்வதும் இல்லை.

போடியில் இதற்கு இன்னொரு நல்ல உதாரணம் உண்டு. ஏலம் என்றால் ஏலக்காய். ஏலம் என்றால் ஏலம் விடுவதும்தான். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் நடக்கிறது. "இந்த வாரம் ஏலத்துல நம்ம ஏலத்தை எடுக்கல" என்று ஒரு விவசாயி எழுதினால் ஊரில் எல்லாருக்கும் புரியும். ஏஐ-க்குத் தடுமாற்றம் வரலாம். "காய் விலை இறங்கிருச்சு" என்று எழுதினால் காய்கறி விலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மரத்தடி மனு எழுத்தரை நினைத்துப் பாருங்கள்

தாலுகா அலுவலக வாசலில், மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் நல்ல எழுத்தர் என்ன செய்வார்? உடனே பேனாவை எடுக்க மாட்டார். "என்னைக்கு நடந்துச்சு? கூட யார் இருந்தா? முன்னாடி மனு குடுத்தீங்களா, நம்பர் இருக்கா?" என்று கேட்பார். பிறகு எழுதுவார். எழுதி முடித்ததும், "படிக்கிறேன், சரியான்னு கேளுங்க" என்று வாசித்துக் காட்டுவார். சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து அல்லது கைரேகை.

ஏஐ-யையும் அந்த நல்ல எழுத்தர் மாதிரி வேலை வாங்க வேண்டும். கேள்வி கேட்க வைக்கணும், அளவோடு திருத்த வைக்கணும், பிறகு நாம் வாசித்துப் பார்க்கணும். கீழே இருப்பது அதற்கான ஐந்து படிகள்.

படி 1: முதலில் நீங்களே சொல்லுங்கள்

ஏஐ-யிடம் "ரோடு சரியில்லை, ஒரு மனு எழுது" என்று ஒரு வரி போடாதீங்க. ஒரு வரி போட்டால் மீதி எல்லாம் அதன் கற்பனைதான். முதல் வரைவு உங்களுடையதாக இருக்கட்டும். டைப் செய்வது கஷ்டம் என்றால், செல்போன் கீபோர்டில் மொழியைத் தமிழ் என்று வைத்து, மைக் படத்தைத் தொட்டுப் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலவே பேசுங்கள். புள்ளி, கமா பற்றிக் கவலை வேண்டாம். பேசி முடித்ததும் எண்களையும் பெயர்களையும் மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். மைக்கும் சில சமயம் தப்பாகக் கேட்கும்.

படி 2: மாறக்கூடாத சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள்:

• ஊர், ஓடை, தோட்டம், தெரு ஆகியவற்றின் பெயர்கள்
• எல்லா எண்களும்: வீடு, ஆள், நாள், மணி, தொகை
• உறவு: மருமகள், மாமியார், அண்ணன் மகன்
• தொழிற்சொல்: ஸ்டோர், ஜீப்பு ரோடு, டோலி
• நீங்கள் கேட்பது என்ன, அதில் முதலில் எது

படி 3: திருத்தச் சொல்வதற்கு முன் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்

இப்படி எழுதுங்கள்: "கீழே இருப்பது நான் எழுதிய மனு. இதை இன்னும் திருத்த வேண்டாம். இந்த ஊரைத் தெரியாத ஓர் அதிகாரி படித்தால் எந்த இடம் புரியாது? அதை மட்டும் என்னிடம் கேள்விகளாகக் கேட்கவும்."

நம் மாதிரி மனுவுக்கு இப்படிக் கேள்விகள் வரலாம். ஸ்டோர் என்றால் என்ன? மழை பெய்த தேதி? வலி என்றால் பிரசவ வலியா? முன்பு கொடுத்த மனுக்களின் எண்? எல்லாமே நியாயமான கேள்விகள். பதில் உங்களிடம்தான் இருக்கிறது. பதிலை நீங்களே வரைவில் சேருங்கள்.

படி 4: எல்லை போட்டுத் திருத்தச் சொல்லுங்கள்

இதை அப்படியே காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம்:

"எழுத்துப்பிழையையும் நிறுத்தற்குறியையும் திருத்தவும். நீளமான வாக்கியங்களைச் சின்னதாக்கவும். பெயர், எண், மாதம், உறவு எதையும் மாற்ற வேண்டாம். ஸ்டோர், ஜீப்பு ரோடு, டோலி ஆகிய சொற்கள் அப்படியே இருக்கட்டும். நான் சொல்லாத எதையும் சேர்க்க வேண்டாம், சொன்ன எதையும் விட வேண்டாம். அலங்கார வார்த்தைகள் வேண்டாம். கடைசியில் என்னென்ன மாற்றினாய் என்று பட்டியல் போடவும்."

அந்தக் கடைசி வரி முக்கியம். பட்டியல் இருந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். ஆனால் பட்டியலையே முழுசாக நம்பிவிடவும் கூடாது. சில மாற்றங்களைச் சொல்லாமலும் விட்டுவிடும்.

படி 5: சத்தமாக வாசியுங்கள்

பழைய வரைவையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, படி 2 சீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் டிக் அடியுங்கள். பிறகு சத்தமாக வாசியுங்கள். "இதை நான் சொல்வேனா?" என்று தோன்றும் வரியை வெட்டிவிடுங்கள். பாட்டியோ அம்மாவோ சொல்லி நீங்கள் எழுதியிருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாக்குமூலத்தின் முடிவில் "படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது" என்று எழுதுவது நம் ஊரில் பழைய வழக்கம். ஏஐ காலத்திலும் அதை விட வேண்டாம்.

இப்படிச் செய்தால் என்ன கிடைக்கும்?

"பொருள்: ஓடையில் சின்னப் பாலம் வேண்டுதல்.

ஐயா, வணக்கம். நாங்கள் மலை மேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறோம். எங்கள் ஊரில் ஏழு வீடுகள். ஏலக்காய் காய வைக்கும் ஸ்டோரில் இருந்து ஓடை வரைக்கும் உள்ள ஜீப்பு ரோடு, போன ஐப்பசி மழையில் (தேதி …) அரித்துப் போய்விட்டது. அதிலிருந்து ஜீப்பு ஸ்டோரோடு நின்றுவிடுகிறது. ரேஷன் அரிசி தலைச்சுமையாகத்தான் வருகிறது.

போன மாதம் (தேதி …) என் மருமகளுக்குப் பிரசவ வலி வந்தது. விடியற்காலை நாலு மணிக்கு, இருட்டுக்குள் டோலி கட்டித்தான் ஓடையைத் தாண்டினோம். பேட்டரி லைட்டை நான்தான் பிடித்தேன்.

இதற்கு முன் இரண்டு தடவை மனு கொடுத்திருக்கிறோம். மனு எண்கள்: …

ஓடையில் ஒரு சின்னப் பாலம் போட்டால் போதும். ரோட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

பிழை இல்லை. எந்த மாவட்டத்து அதிகாரி படித்தாலும் புரியும். அந்த அம்மா பேசுவதும் காதில் கேட்கிறது. "வெள்ளன" என்பது "விடியற்காலை" ஆகியிருக்கிறது. வெளியூர்க்காரருக்குப் புரியட்டும் என்று செய்தது. பொருள் மாறவில்லை, அதனால் சரி. "வெள்ளன" என்றே இருக்கட்டும் என்று அவர் நினைத்தால் அதுவும் சரிதான். முடிவு அவருடையது.

"பேட்டரி லைட்டை நான்தான் பிடித்தேன்" என்ற வரியை ஏஐ தேவையில்லாதது என்று தூக்கிவிடப் பார்க்கும். விடாதீங்க. நேரில் இருந்தவர் சொல்கிறார் என்பதை அந்த வரி காட்டுகிறது.

சட்டமும் எளிய பேச்சுக்கு இடம் கொடுக்கிறது

"அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது பெரிய பெரிய வார்த்தை போட்டால்தான் மதிப்பு" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 1956-இலேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் மனு தமிழில் இருந்தால் போதும்.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் கொண்டுவர பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்று பிரிவு 6(1) சொல்கிறது. தகவல் ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது பிரிவு 6(2). ஏஐ-யிடம் எழுதச் சொன்னால் "சமூக நலன் கருதி" என்று ஒரு காரணத்தைத் தானாகச் சேர்க்கலாம். தேவையே இல்லாத அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

போடி மலைகளில் முதுவர், பளியர் மக்கள் வாழ்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி உரிமை கோரும்போது, உரிமை கோருபவர் அல்லாத மூத்தவர்கள் சொல்வதை எழுத்தில் பதிவு செய்தால் அதுவும் ஒரு சான்று என்று அந்தச் சட்டத்தின் விதி 13 சொல்கிறது. ஒரு தாத்தா, "அந்தப் பலா மரம் எங்க அய்யா வச்சது, அதுக்கு அங்கிட்டு எங்க பாட்டன் சமாதி" என்று சொன்னால் அந்தச் சொற்களே சான்று. அதை "முன்னோர்கள் காலம் தொட்டு வாழ்ந்து வருகிறோம்" என்று ஏஐ மாற்றினால், மரமும் போச்சு, சமாதியும் போச்சு. இந்த மாதிரிப் பதிவுகளில் எழுத்துப்பிழைக்கு மேல் ஒன்றையும் திருத்தச் சொல்லாதீர்கள். முடிந்தால் பேச்சை செல்போனில் பதிவு செய்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பும் முக்கியம்

ஏஐ செயலியில் ஆதார் எண், குடும்ப அட்டை எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி எதையும் போடாதீர்கள். செல்போன் எண்ணும் வேண்டாம். அந்த இடங்களில் "…" என்று விட்டுவிட்டு, மனு தயாரான பிறகு நீங்களே நிரப்புங்கள். அடுத்தவரின் நோய், குடும்பப் பிரச்சினை பற்றி எழுத வேண்டியிருந்தால் பெயரைப் போடாமல் உறவை மட்டும் போடுங்கள். ஏஐ சட்டப் பிரிவு எதையாவது சேர்த்தால், தெரிந்த ஒருவரிடம் கேட்டுச் சரிபார்க்காமல் மனுவில் வைக்க வேண்டாம்.

அனுப்பும் முன் ஒரு பார்வை

• எண்களும் பெயர்களும் நான் சொன்னபடி இருக்கின்றனவா?
• எங்க ஊர்ச் சொற்கள் மாறாமல் இருக்கின்றனவா?
• நான் சொல்லாதது ஏதாவது நுழைந்திருக்கிறதா?
• நான் முதலில் கேட்டது முதலில் இருக்கிறதா?
• ஒருமுறை சத்தமாக வாசித்தேனா?

நான்குக்கு "ஆமாம்" வேண்டும், மூன்றாவதற்கு மட்டும் "இல்லை" வேண்டும். அப்புறம் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் சரி, முதல்வரின் முகவரி இணையதளத்தில் பதிந்தாலும் சரி. எழுதவே வேண்டாம், பேசினால் போதும் என்றால் 1100-க்கு அழைக்கலாம். எப்படிக் கொடுத்தாலும் மனு எண்ணை வாங்கி ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த மனுவில் அந்த எண்ணைப் போட வேண்டியிருக்கலாம்.

இன்று ஒரு சின்னப் பயிற்சி. நீங்கள் யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய, நீளமான செய்தி ஒன்றை எடுங்கள். முதலில் "நல்லா எழுதிக் கொடு" என்று மட்டும் சொல்லிப் பாருங்க. பிறகு படி 4-இல் உள்ள வாசகத்தை, உங்கள் சொற்களைப் போட்டுக் கொடுத்துப் பாருங்க. இரண்டையும் வீட்டில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டி, "எது நான் பேசுற மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள்.